கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்!

பழவேற்காட்டுக்கு வருகிற மாணவர் கூட்டம் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது? பத்து நிமிடம். “டச்சுக்காரர் கல்லறை; 17ஆம் நூற்றாண்டு; எழுதிக்கொள்ளுங்கள்” என்கிறார் ஆசிரியர். எழுதிக்கொள்கிறார்கள். பேருந்து புறப்பட்டுவிடுகிறது. கல்லைப் பார்த்தவர் யார்? ஒருவருமில்லை! இதற்குப் பெயர் கல்வியா என்று கேட்கிறோம்.

“கலை என்பது கனவான்கள் வீட்டுக் கூடத்துச் சமாச்சாரம், குப்பத்துப் பிள்ளைக்கு எதற்கு?” என்று உதட்டைப் பிதுக்குவோரும் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: கூர்ந்து பார்ப்பதில் அந்தப் பிள்ளையின் தகப்பனோடு போட்டியிட உங்களால் ஆகாது! கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் ‘பாடு’ முறைப்படி தன் முறை வந்த இடத்தில் வலை கட்டுமுன் அவன் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறான், காற்றைப் பார்க்கிறான். கடலில் இறங்கினால் நீரோட்டம் வன்னியா தெண்டியா என்று பார்க்கிறான். பார்வை பரம்பரையாய் இருக்கிறது. கண்டதை வாய்விட்டுச் சொல்லவும், சொன்னதை எழுதவும்தான் பள்ளிக்கூடம் பழக்கவில்லை.

அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் அபிகெய்ல் ஹவுசன் என்ற உளவியல் அறிஞரும், நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் கல்விப் பணியை நடத்திய பிலிப் யெனவைனும் ஒரு முறையை வகுத்தார்கள். ஆசிரியர் விளக்கவுரை ஆற்றுவதில்லை. இதில் என்ன நடக்கிறது என்று கேட்கிறார். பதில் வந்தால், எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய் என்கிறார். பிறகு, இன்னும் என்ன தெரிகிறது என்கிறார். அவ்வளவே! அந்த நடுக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. அதைக் கேட்கப் பழகிய பிள்ளை நாளை மீன் வியாபாரியின் கணக்கு நோட்டைப் பார்த்தும் கேட்பான். மேடையில் முழங்கும் நம்மவரைப் பார்த்தும் கேட்பான். கேட்கட்டுமே!

கல்லறை வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். “பயமாயிருக்கிறது” என்கிறான் சிறுவன் என்று வைத்துக்கொள்வோம். எதைக் கண்டு பயம்? அது எப்படி நிற்கிறது? நேராகவா, சாய்ந்தா? கை எங்கே இருக்கிறது? அந்தக் கையில் என்ன? இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் என்ன வேறுபாடு? கால் மணி நேரம் நின்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். கண்டது முதலில், கருதியது பிறகு. “மிகச் சிறந்த சிற்பம்” என்று எவனாவது எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அது அவன் கண்டதல்ல.

உள்ளே ஒரு கல்லில் ஜெல்ட்ரியா கோட்டையே செதுக்கப்பட்டிருக்கிறது. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கோட்டை. கோட்டை இடிந்து மண்மேடாகிப் புதர் மண்டிவிட்டது. கல்லில் மட்டும் நிற்கிறது. கல்லில் கண்ட உருவத்தைத் தாளில் வரைந்துகொண்டு, பக்கத்திலேயே இருக்கிற அந்த மேட்டுக்கு நடக்கட்டும் பிள்ளைகள். எது எங்கே இருந்திருக்கும் என்று சண்டை போடட்டும். சரித்திரப் பாடம் அங்கே தானாக வரும்.

அடுத்து, கல்லில் இல்லாததைத் தேடச் சொல்லுங்கள். வணிகர் பெயர் இருக்கிறது. குடும்பச் சின்னம் இருக்கிறது. வலை வீசியவன் இருக்கிறானா? நெய்தவன் இருக்கிறானா? 1621 முதல் 1665 வரை சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர் 131 கப்பல்களில் 38,000க்கும் அதிகமானோரை அடிமைகளாக ஏற்றிச் சென்றார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. பழவேற்காடு அந்த வாணிபத்தின் முக்கியத் துறைமுகம். பஞ்ச காலத்தில் பெற்ற பிள்ளையை விற்றவர்களும் உண்டு. அவர்களில் எவருக்கு இங்கே கல்?

நெய்தவனுக்குக் கல் இல்லை, துணி இருக்கிறது. இந்த ஊரிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிக்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். பிள்ளையின் அப்பா கட்டியிருக்கும் கைலியும் பார்க்கத் தகுந்த கலைதான். எத்தனை நிறம்? குறுக்கிழை நெடுக்கிழையைக் கடக்குமிடத்தில் புதிதாய் ஒரு நிறம் எப்படிப் பிறக்கிறது? எழுதட்டும் ஒரு பக்கம்!

தோழர்களுக்கும் ஒரு கேள்வி. சென்னைக் கடற்கரையில் ராய் சௌத்ரி வடித்து 1959இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையை எத்தனை முறை கடந்திருப்பீர்கள்! பாறையை நெம்பும் அந்த நால்வரில் எவருடைய முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? சட்டென்று சொல்ல முடிகிறதா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். முதல் கால் மணி நேரம் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.