ஆரி பிளவுஸ் முதல் மாடுலர் கிச்சன் வரை: சொல்லிச் செய்யும் பொருளை கேன்சல் செய்தால் அட்வான்ஸ் திரும்பி வருமா?

12,000 ரூபாய்க்கு ஆரி ஒர்க் பிளவுஸ். அளவு கொடுத்தாச்சு, டிசைன் ஓகே, 6,000 ரூபாய் அட்வான்ஸும் ஜிபேயில் போயாச்சு. ஒரு வாரம் கழித்து, 'வேண்டாம்க்கா, கேன்சல் பண்ணிடுங்க' என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். 'அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாதும்மா, பில்லிலேயே போட்டிருக்கே' என்று பதில்.

யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கு.

ஆன்லைனில் வாங்கினால் 7 நாளில் திருப்பித் தரலாம் என்பது நமக்குப் பழகிப்போச்சு. ஆனால் அது அந்தந்தத் தளத்தின் பாலிசி. 'மனசு மாறிடுச்சு' என்பதற்காக ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பித் தரும் பொதுவான உரிமை நம் சட்டத்தில் கிடையாது. அதிலும் உங்கள் அளவுக்கு வெட்டிய துணியை வேறு யாருக்கு விற்பது? ஆர்டரை உறுதிசெய்த பிறகு பின்வாங்கினால் அது ஒப்பந்த மீறல். எதிர்த்தரப்பின் நஷ்டத்தை நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு.

நஷ்டம்னா எவ்வளவு?

விஷயமே இங்கேதான். துணியில் இன்னும் கையே வைக்கவில்லை என்றால் நஷ்டம் சொற்பம். ஒரு கை முழுக்க வேலை முடிந்திருந்தால், அந்தக் கூலியும் மணி, ஜரிகைச் செலவும் உங்கள் கணக்கு. வேலை முக்கால்வாசி முடிந்திருந்தால் அட்வான்ஸுக்கு மேலேயும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. 'அட்வான்ஸை விட்டுட்டா தீர்ந்தது' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

அதே நேரம், நஷ்டத்தைக் குறைக்க முடிந்ததைச் செய்யும் பொறுப்பு செய்பவருக்கும் இருக்கு. மாடுலர் கிச்சனுக்காக வாங்கி, இன்னும் அறுக்காத பிளைவுட் அடுத்த ஆர்டருக்குப் போய்விடும். அதன் முழு விலையை உங்கள் தலையில் கட்ட முடியாது. உங்கள் வீட்டு அளவுக்கு அறுத்துவிட்ட ஷட்டர் வேறு கதை.

'நோ ரீஃபண்ட்' என்று பில்லில் இருந்தால்?

அந்த வரி மட்டுமே முடிவு அல்ல. 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை ஓர் உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். டெல்லி மனை ஏல வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2015-ல் இதைத்தான் சொன்னது. அதே மனையைப் பிறகு கூடுதல் விலைக்கு விற்ற டெல்லி வளர்ச்சி ஆணையம், முதலில் வாங்கிய 78 லட்சம் ரூபாயைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியவில்லை. நஷ்டமே இல்லாதபோது இழப்பீடு எதற்கு?

அச்சாரம் மட்டும் தனி. பேச்சை உறுதிசெய்யக் கொடுக்கும் சிறு தொகை, நீங்கள் பின்வாங்கினால் போய்விடலாம். பாதி விலையை வாங்கிக்கொண்டு அதை அச்சாரம் என்று சொல்வது எடுபடுவது கஷ்டம்.

நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆனால் அந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போட மாநில ஆணையத்துக்குப் போகணும். 6,000 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் யார் போவது? முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அதற்கும் முன்னால், கேன்சல் என்று முடிவெடுத்த அன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுங்கள். போனில் சொல்வதற்குச் சாட்சி இல்லை. தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் கூலி ஏறும். இதுவரை என்ன வேலை முடிந்தது என்று போட்டோவும், செலவுக் கணக்கும் கேளுங்கள்.

தாமதம் அவர்கள் பக்கம் என்றால் கணக்கே தலைகீழ். தேதி முக்கியம் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டு, முகூர்த்தம் முடிந்த பிறகு பத்திரிகையை அச்சடித்துக் கொண்டுவந்தால், வேண்டாம் என்று மறுக்கலாம். கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆர்டர் கொடுக்கும்போதே தேவைப்படும் தேதியை பில்லில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.