'சி.ஐ.டி.'யோடு 'இ' சேர்ந்தால் கொலை!

ஆங்கிலச் சொற்களின் வாலில் ஒளிந்திருக்கும் கத்தி

சி.ஐ.டி. என்றால் துப்பறியும் போலீஸ். அந்த 3 எழுத்துக்குப் பின்னால் ஒரு 'இ' போட்டால்? கொலை விழும்!

ஆங்கிலத்தில் 'சைட்' என்று முடியும் சொற்கள் பலவற்றுக்கு வாலில் இந்த 4 எழுத்துதான். லத்தீன் மொழியில் வெட்டுவது, கொல்வது என்று பொருள்படும் சொல்லில் இருந்து முளைத்த வால் இது.

முன்னால் நிற்பது செத்த ஆள். ஹோமிசைட் என்றால் மனிதனைக் கொல்வது. சூயிசைட் என்றால் தன்னையே. பேட்ரிசைட், பெற்ற அப்பனைத் தீர்த்துக்கட்டுவது. வயலுக்கு அடிக்கிற பெஸ்டிசைடும் இந்தக் குடும்பம்தான். செத்தது பூச்சி என்பதால் கேஸ் இல்லை!

செத்தவருக்குத் தூக்கு

'ரெஜிசைட்' பெரிய இடத்து விவகாரம். மன்னனைக் கொல்வது. கொன்ற ஆசாமிக்கும் அதே பெயர்.

1649 ஜனவரி 30-ந் தேதி இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டது. மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் 59 பேர். 1660-ல் மகன் 2-ம் சார்லஸ் பட்டத்துக்கு வந்ததும் வேட்டை தொடங்கியது. முக்கிய புள்ளியான ஆலிவர் கிராம்வெல் 1658-லேயே செத்துப்போயிருந்தார். விட்டார்களா? புதைத்த உடலைத் தோண்டி எடுத்து, 1661-ல் அதே ஜனவரி 30-ந் தேதி தூக்கில் தொங்கவிட்டார்கள். தலையை வெட்டிக் கம்பத்தில் சொருகினார்கள்.

ஒரு நிரபராதி

வால் இருக்கிறதே என்று எல்லாரையும் உள்ளே தள்ளிவிடக் கூடாது. முடிவு செய்வதைச் சொல்லும் 'டிசைட்' வெட்டும் பரம்பரைதான். இழுபறியை ஒரே வெட்டாக வெட்டுகிறது, அவ்வளவே. ஆனால் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் ஒத்துப்போவதைச் சொல்லும் 'கோயின்சைட்' இருக்கிறதே, அது பரம நிரபராதி. 'விழுவது' என்ற வேறு லத்தீன் சொல்லின் பிள்ளை. தினமும் ரோட்டில் நடக்கும் 'ஆக்சிடென்ட்' அதற்குத்தான் சொந்தம்.

பெயர் இல்லாத குற்றம்

குடும்பத்தின் கடைக்குட்டிதான் படுபயங்கரம்.

1941 ஆகஸ்டில் ஹிட்லர் படை ரஷ்யாவில் ஜனங்களைக் கொன்று குவித்தது. இந்தக் குற்றத்துக்குப் பெயரே இல்லை என்று ரேடியோவில் பேசினார் இங்கிலாந்து பிரதமர் சர்ச்சில்.

பெயர் வைத்தவர் ரஃபேல் லெம்கின். போலந்து நாட்டு யூத வக்கீல். உயிர் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். கிரேக்க மொழியில் இனத்தைக் குறிக்கும் 'ஜெனோஸ்' என்ற சொல்லை எடுத்தார். இந்த வாலை ஒட்டினார். 1944-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் 'ஜெனோசைட்' பிறந்தது. இனப்படுகொலை!

அம்மா, அப்பா உள்பட சொந்தக்காரர்கள் 49 பேரை நாஜிகள் பலி வாங்கிய விவரம் அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பெயர் இருந்தால் போதுமா, சட்டம் வேண்டாமா? நியூரம்பர்க் கோர்ட்டில் 1945-ல் தாக்கலான குற்றப்பத்திரிகையில் அந்தச் சொல் ஏறியது. 1946 தீர்ப்பில் காணோம்! மனிதர் ஓயவில்லை. ஐ.நா. சபைக்கு வந்த பிரதிநிதிகளை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினார். 1948 டிசம்பர் 9-ந் தேதி, இனப்படுகொலை குற்றம்தான் என்று ஒப்பந்தம் நிறைவேறியது.

அந்தக் குற்றத்துக்கு சர்வதேச கோர்ட்டு ஒன்று சொன்ன முதல் தீர்ப்பு 1998 செப்டம்பர் 2-ந் தேதி வந்தது. ருவாண்டா நாட்டில் ஓர் ஊரின் மேயராக இருந்த ஷான் பால் அகாயேசு குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது. அப்போது லெம்கின் இறந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.