வீட்டு மருந்துகளை அப்புறப்படுத்தல்

வீட்டில் காலாவதியான அல்லது பயன்படாமல் மீந்துபோன மருந்துகளை, மனிதருக்கும் விலங்குகளுக்கும் நீர்நிலைகளுக்கும் கேடு நேராதவாறு அகற்றுவதே மருந்து அப்புறப்படுத்தல் எனப்படுகிறது. காய்ச்சல் தணிந்ததும் கைவிட்ட மாத்திரை அட்டை, மருத்துவர் மாற்றி எழுதியதால் தேவையற்றுப்போன இரத்த அழுத்த மாத்திரை, இறந்துபோன முதியவரின் தலைமாட்டிலிருந்த வலிநிவாரணி என வீடுகளில் மருந்துகள் பலவாறு தேங்குகின்றன. இவற்றால் முதலில் ஆபத்துக்கு உள்ளாவோர், மாத்திரையை மிட்டாய் என எண்ணி விழுங்கும் சிறு குழந்தைகளே.

காலாவதி நாள் என்பது, உரிய முறையில் வைத்திருந்தால் மருந்தின் வீரியத்துக்கும் தரத்துக்கும் தயாரிப்பாளர் உறுதியளிக்கும் கடைசி நாள். அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அம்மாதத்தின் இறுதி நாளையே அது குறிக்கும். திறந்த கண் சொட்டு மருந்தில் கிருமி வளரக்கூடும் என்பதால் அந்த நாளுக்கு முன்பே அதை அகற்ற வேண்டியிருக்கும்.

பெரும்பாலான மருந்துகளைக் கழிப்பறையிலோ கழுவுதொட்டியிலோ கொட்டக்கூடாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்துப் பொருள்களை முழுமையாக நீக்கும்படி அமைக்கப்பட்டவை அல்ல. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் நீரில் கலந்தால், அவற்றுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருக வழி ஏற்படுகிறது. வீட்டில் எரிப்பதும் நச்சுப் புகையை உண்டாக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தியாவின் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஃபென்டனில், மார்ஃபின் சல்பேட், டிரமடால், டையசெபாம் உள்ளிட்ட 17 மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டி நீரூற்றி அகற்றலாம் என்கிறது. முரணாகத் தோன்றினாலும் இதற்குக் காரணம் உண்டு: இவற்றில் சில, பிறர் உட்கொண்டால் ஒரே வேளையில் உயிரைப் பறிக்கக்கூடியவை. ஒட்டிக் கழற்றிய ஃபென்டனில் பட்டையில்கூடக் கணிசமான மருந்து எஞ்சியிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து, நீரில் கலப்பதால் வரும் கேட்டைவிடப் பெரிது என்பதே இதன் கணக்கு.

மற்ற மருந்துகளைத் திரும்பப் பெறும் இடத்தில் ஒப்படைப்பதே சிறந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025இல் கோழிக்கோட்டில் இத்தகைய சேகரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் காலாவதி மருந்துகளை வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. இவற்றைத் தனியே பிரித்துத் தரவேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருந்தது. நடைமுறையில் இவை மற்றக் குப்பையோடு கலந்தே போவது சாதாரணம்.

சேகரிப்பு வசதி இல்லாத இடத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு முறையைச் சொல்கிறது. மாத்திரைகளை உறையிலிருந்து எடுத்து, பொடிக்காமல், காப்பி வடிகட்டிய சக்கை, மண் போன்று எவரும் வாயில் வைக்க விரும்பாத பொருளுடன் கலந்து, மூடிய பையில் இட்டுக் குப்பையில் சேர்க்கலாம். முழு அட்டையாக எறிந்தால் குப்பையைக் கிளறும் குழந்தையின் கைக்கோ விலங்கின் வாய்க்கோ போகலாம். மறுவிற்பனைக்குச் செல்லவும் கூடும்.

மூச்சிழுப்பான் குப்பிகளைத் துளைக்கவோ தீயில் இடவோ கூடாது, வெடிக்கக்கூடும். இன்சுலின் ஊசிகளைத் தடித்த நெகிழிப் புட்டியில் போட்டு மூடி, ஊசி இருப்பதை மேலே எழுதித் தனியே கொடுக்கவேண்டும். மருந்துச்சீட்டு ஒட்டிய புட்டியாக இருந்தால், எறியுமுன் நோயாளியின் பெயரை அழித்துவிடுவது நல்லது.