முறுக்குப் பலூனைப் பேணுவது எப்படி?



திருவிழாக் கூட்டத்திலும் பிறந்தநாள் வீட்டிலும் நீண்ட பலூனை ஊதி, முறுக்கி, நாயும் வாளும் பூவும் செய்து பிள்ளைகளின் கையில் கொடுப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அண்ணனும் தம்பியுமாக அந்த வேலையைத்தான் செய்கிறோம். கிழமை நாட்களில் ஒருவருக்கு மலையில் வேலை, மற்றவருக்கு டவுனில் கடை வேலை. சனி, ஞாயிறு வந்தால் பம்பையும் பலூன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டு விடுவோம்.

இந்தத் தொழிலைப் பழக விரும்பும் தம்பிமார், தங்கச்சிமார் எங்களிடம் வந்து, “நாய் எப்படிச் செய்றது, கிளி எப்படிச் செய்றது?” என்று கேட்பார்கள். பலூனை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. நாங்களும் ஆரம்பத்தில் கேட்கவில்லை. அதனால் பட்ட பாட்டை முதலில் சொல்லி விடுகிறோம்.

அடுப்புக்கு மேலே வைத்த பெட்டி

அது ஒரு மழைக் காலம். லயத்தில் எங்கு தொட்டாலும் ஈரம். பலூன் பாக்கெட்டுகள் பூஞ்சணம் பிடித்து விடுமோ என்று அம்மா பயந்து, அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் பெட்டியை ஏற்றி வைத்தார். “காஞ்சு கிடந்தா நல்லதுதானப்பா” என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூன்று கிழமைக்குப் பிறகு பக்கத்து டிவிஷனில் ஒரு பிறந்தநாள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதல் பலூன் ஊதும்போதே வெடித்தது. இரண்டாவது முறுக்கும்போது வெடித்தது. பத்து எடுத்தால் மூன்றுதான் நின்றது. சின்னப் பிள்ளைகள் சத்தத்துக்குப் பயந்து அழத் தொடங்கினார்கள். அது மட்டுமென்றால் பரவாயில்லை. கீழே சிதறிக் கிடந்த துண்டொன்றைத் தவழ்ந்து வந்த குழந்தை எடுத்து வாயில் வைத்து விட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி கண்டு உடனே பிடுங்கி எடுத்ததால் தப்பித்தோம். வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்து விட்டுத் தலை குனிந்து வந்தோம்.

பழுதான பலூன் தொழிலுக்கு மட்டும் நட்டமல்ல, பிள்ளைகளுக்கும் ஆபத்து என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

பலூன் என்பது மரத்துப் பால்

பலூன் இறப்பர் பாலில் செய்யப்படுகிறது. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் உறவினர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அந்த மரம் தென் அமெரிக்காவின் அமேசன் காட்டிலிருந்து வந்தது. 1876 ஆம் ஆண்டில் அங்கிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு விதை கொண்டு போய், முளைத்த கன்றுகளில் பெரும் பகுதியை இலங்கைக்கு அனுப்பினார்கள். அவை கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன.

இறப்பர் பலூனை முதன்முதல் செய்தவர் மைக்கேல் ஃபரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1824 இல் வாயுக்களை அடைத்து ஆராய்வதற்காக அவர் அதைச் செய்தார். இரண்டு இறப்பர்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரத்தை அழுத்தி ஒட்டினார். உட்புறம் ஒட்டாமலிருக்க மா தடவினார். இன்றும் பலூனின் உள்ளே ஒட்டாதிருக்கத் தூள் இடுகிறார்கள். ஊதும்போது கையில் ஒட்டுவது அதுதான்.

இப்போது தொழிற்சாலையில், பலூன் வடிவ அச்சை இறப்பர் பாலில் தோய்த்து எடுத்து, கழுவி, சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பாலில் கந்தகம் சேர்ப்பதால்தான் இறப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கு வருகிறது. முறுக்கு வேலைக்கு அதிகம் பாவிப்பது 260 என்ற இனம். முழுதாக ஊதினால் 2 அங்குலத் தடிப்பும் 60 அங்குல நீளமும் வரும் என்பதே அந்த இலக்கத்தின் பொருள். 160 என்பது 1 அங்குலத் தடிப்பு.

கொழுந்தைப் பறித்த நேரத்திலிருந்து அது மாறத் தொடங்குகிறது அல்லவா? சாக்கில் அமுக்கி வெயிலில் வைத்தால் சூடேறிச் சிவந்து போகிறது. பலூனும் அப்படித்தான். செய்த நாளிலிருந்து அது மெல்ல மெல்ல வயதாகிக் கொண்டிருக்கிறது. அதை நிறுத்த நம்மால் முடியாது, தாமதப்படுத்த முடியும்.

பலூனைக் கெடுப்பவை

வெப்பம்: சூட்டில் இறப்பர் சீக்கிரம் முதுமை அடையும். அடுப்புப் பரண், தகரக் கூரைக்குக் கீழ், வெயிலில் நிற்கும் வேன் ஆகிய மூன்றும் ஆகாத இடங்கள்.

வெளிச்சமும் காற்றும்: ஊதிய பலூனை வெயிலில் வைத்தால் பளபளப்புப் போய், வெல்வெட் துணிபோல் மங்கி விடும். இது காற்றிலுள்ள ஒட்சிசனால் வருவது. ஊதாத பலூனுக்கும் இது மெதுவாக நடக்கிறது.

ஓசோன்: மின்சார மோட்டாரில் தீப்பொறி பறக்கும் இடத்திலும் வெல்டிங் செய்யும் இடத்திலும் ஓசோன் என்ற வாயு உண்டாகிறது. இழுபட்டிருக்கும் இறப்பரில் அது நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் பலூனை வைக்க வேண்டாம்.

எண்ணெய்: மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், வஸ்லின் எல்லாம் இறப்பரை இளக வைத்து விடும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பலூன் எடுக்காதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே தொடுங்கள்.

செம்பு: செம்பு பட்டால் இறப்பர் விரைவாகக் கெடும். பித்தளையிலும் செம்பு இருக்கிறது. ஆகவே பித்தளைப் பாத்திரத்தில் பலூன் போட்டு வைப்பது தவறு.

ஈரம்: ஈரத்தில் பலூன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். அம்மா பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் ஈரத்துக்கு மருந்து அடுப்புச் சூடல்ல, காற்றுப் புகாத மூடிதான்.

வீட்டில் வைக்கும் முறை

நன்றாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். பாக்கெட்டின் வாயை மடித்து இறுக்கி, டப்பாவுக்குள் அடுக்கி, வெளிச்சம் படாமல் கட்டிலுக்குக் கீழே வையுங்கள். சுவரோடும் ஈரத் தரையோடும் ஒட்டாமல் ஒரு பலகைமேல் வைப்பது நல்லது. மலைநாட்டுக் குளிரே பலூனுக்குப் போதும், பிரிட்ஜ் தேவையில்லை. கீழ்நாட்டில் பிரிட்ஜில் வைப்பவர்கள், வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பின் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் முத்துப் பிடிக்கும்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் வாங்கிய திகதியை எழுதுங்கள். பழையதை முதலில் பாவியுங்கள். மலிவு என்று ஒரு வருடத்துக்கு வேண்டியதை ஒரேயடியாக வாங்கிக் குவிக்காதீர்கள். வாங்கும்போதும் கடைக் கண்ணாடியில் வெயில்பட்டுத் தொங்கும் பாக்கெட்டை விட்டு, உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பலூனைச் சோதிக்க, இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு, நிற மாற்றம், மெல்லிய வெடிப்புக் கோடு, இழுத்தால் திரும்பிச் சுருங்காத தன்மை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பலூன் பிள்ளைகளுக்கு ஆகாது. பெரியவர்கள் பழகிப் பார்க்க வேண்டுமானால் வைத்துக் கொள்ளலாம்.

வேலைக்குப் போகும் போது

அன்றைக்குத் தேவையானதை மட்டும் பையில் எடுங்கள். மிச்சம் வீட்டு டப்பாவில் இருக்கட்டும். நிறம் நிறமாகப் பிரித்து, வாய்ப்பக்கம் ஒரே திசையில் இருக்க அடுக்கினால் தேடி இழுக்க வேண்டியதில்லை. நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றி விடுங்கள். பையில் சாவி, பேனாக்கத்தி போடாதீர்கள்.

வாயால் ஊதாதீர்கள். மெல்லிய பலூனை வாயால் ஊதுவது மார்புக்கும் கன்னத்துக்கும் பெரும் சிரமம். அதோடு எச்சில்பட்ட பலூனைத்தான் பிள்ளை மறுபடி வாயில் வைக்கும். கைப் பம்பு ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். தள்ளும் போதும் இழுக்கும் போதும் காற்று விடும் பம்பு இருக்கிறது. கையும் நோகாது, நேரமும் மிச்சம்.

ஊதும் முன் ஓரிரு தடவை இழுத்து விடுங்கள். முழுதாக ஊதாமல் வால் பக்கம் மிச்சம் விடுங்கள். நாய்க்கு 4 அங்குலம் அளவு போதும், முறுக்கு அதிகமானால் இன்னும் கூட விட வேண்டும். ஒவ்வொரு முறுக்கும் காற்றை வால் பக்கம் தள்ளுகிறது. அது போக இடம் இல்லையென்றால் வெடிக்கும். முடிச்சுப் போடும் முன் கொஞ்சம் காற்றைப் போக விட்டால் பலூன் மிருதுவாகும். முறுக்கும்போது எப்போதும் ஒரே பக்கமாகவே முறுக்க வேண்டும். மாற்றி முறுக்கினால் முன்பு போட்டது அவிழ்ந்து விடும்.

வெயிலில் வேலை என்றால் வெளிர் நிறங்களை எடுங்கள். கறுப்பும் கடும் நீலமும் சூட்டை இழுத்துக் கொள்ளும். வெட்டிய புல், சொரசொரப்பான சீமெந்து, தேயிலைச் செடியின் கவாத்துக் குச்சி எல்லாம் ஊதிய பலூனுக்கு எதிரி.

குளிரும் மலை ஏற்றமும்

நுவரெலியாப் பக்கம் பனிக் காலத்தில் இறப்பர் விறைத்து விடும். அப்படியே ஊதினால் வெடிக்கும். ஊதப் போகும் பலூன்களைச் சட்டைப் பைக்குள் கொஞ்ச நேரம் வைத்து, உடல் சூட்டில் மிருதுவாக்கி எடுங்கள். வெளியே குளிரில் ஊதிய பலூன், ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும். அதற்கும் இடம் விட்டு ஊதுங்கள்.

இன்னொன்று. கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா சுமார் 1,870 மீற்றர். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். இந்த ஏற்றத்தில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைகிறது. எனவே கண்டியில் இறுக்கமாக ஊதிய பலூன், நுவரெலியா வருவதற்குள் தானாகவே இன்னும் விரிந்து நிற்கும். “பஸ்ஸில யாரும் தொடலயே, எப்படி வெடிச்சுது?” என்று நாங்களும் ஒருமுறை திகைத்திருக்கிறோம். வேலை செய்யும் இடத்துக்குப் போய் ஊதுவதே நல்லது.

பிள்ளைகள் விஷயத்தில்

இதை ஒவ்வொரு தாய் தகப்பனும் தயவுசெய்து படிக்க வேண்டும். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, ஊதாத பலூனும் உடைந்த துண்டும் மூச்சை அடைக்கும் ஆபத்து உண்டு. பாக்கெட்டிலும் இதை அச்சிட்டிருப்பார்கள். மெல்லிய இறப்பர், தொண்டையின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து ஒட்டி, காற்று வழியை முழுதாக மூடிவிடும்.

ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு ஊதாத பலூனை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஊதி முறுக்கியதையும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே கொடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நாங்கள் பலூனைக் கையில் கொடுப்பதில்லை, தாயிடம் காட்டி விட்டு எட்டாத உயரத்தில் கட்டி விடுவோம். வெடித்தால் அடுத்த பலூனை எடுக்கும் முன் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுவோம். மாட்டுப் பட்டியிலும் ஓடையிலும் துண்டுகளை வீசக் கூடாது. இறப்பர் மக்கினாலும் அதற்கு நாள் பிடிக்கும், அதற்குள் மாடு விழுங்கி விடலாம்.

தொண்டையில் அடைத்து விட்டால் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவாதீர்கள், துண்டு இன்னும் உள்ளே போகும். இருமக்கூடிய பிள்ளையை இருமவிடுங்கள். இரும முடியாவிட்டால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, முதுகின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை பலமாகத் தட்டுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

சிலருக்கு இறப்பர் பாலே ஒத்துக் கொள்ளாது. தொட்டால் அரிப்பு, வீக்கம், சிலருக்கு மூச்சுத் திணறல் கூட வரும். தொடங்கும் முன்னே, “யாருக்காவது பலூன் ஒத்துக்காதாம்மா?” என்று கேட்டு விடுவது நம் வழக்கமாக இருக்கட்டும்.

சுருக்கமாக

1. குளிர், இருட்டு, காய்ந்த இடம், இறுக்கமான மூடி.
2. திகதி எழுதி, பழையதை முதலில் எடுங்கள்.
3. எண்ணெய்க் கை, அடுப்பு, வெயில், பித்தளை வேண்டாம்.
4. இழுத்துப் பார்த்து ஊதுங்கள், வாலில் இடம் விடுங்கள்.
5. உடைந்த துண்டை உடனே பொறுக்குங்கள்.

அந்தப் பிறந்தநாள் வீட்டுக்கு அடுத்த வருடம் நாங்களே கேட்டுப் போனோம். காசு வாங்கவில்லை. போன தடவை வெறுங்கையோடு நின்ற பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தோம். நாற்பது பலூன் ஊதியதில் இரண்டுதான் வெடித்தது. துண்டு பொறுக்க அந்தப் பாட்டியே பையைப் பிடித்துக் கொண்டு நின்றார். எங்கள் பெட்டி இப்போது கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. அம்மாதான் அதற்குக் காவல்.