உறைந்த குளம் ஆளைத் தாங்குமா? பனிமலைக்குப் புறப்படுமுன் சில விளக்கங்கள்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால், புரோகா குன்றையும் நுவாங் மலையையும் ஏறி முடித்த கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்களுக்கு அடுத்த ஆசை பனிமலைதான். அதில் தவறில்லை. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் நம்மவர்கள்தானே.

முதல்முறை பனியில் நடக்க விரும்புவோருக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் இடங்களில் ஒன்று, வட இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள கேதார்கண்டா. டேராடூனிலிருந்து ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க வண்டியில் போனால் சாங்க்ரி என்ற மலைக்கிராமம் வரும். அங்கிருந்து சில மணி நேர ஏற்றத்தில், ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் 'ஜூடா கா தாலாப்' என்ற சிறு குளம் இருக்கிறது. இந்தியில் ஜூடா என்றால் கொண்டை. சிவபெருமான் சடையை அவிழ்த்தபோது சிந்திய நீரே இந்தக் குளம் என்பது ஊர்க்கதை. குளிர்காலத்தில் இது உறைந்துவிடும். சுற்றிலும் பைன் மரங்கள், நடுவே வெள்ளைத் தரை. படம் எடுக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் ஒரு சிக்கல். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, பால்மரக் காட்டில் தலையை நனைப்பதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி, குளத்தில் உறைந்து கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே இரண்டாகப் பிரித்த மொழி இது. ஆனால் வெண்பனி விழாத மண்ணில் வளர்ந்ததால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. மலையில் அது போதாது. ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் குவிந்திருக்கும் துருவலையும், மீன்கடையில் கிடக்கும் ஐஸ் பாளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டி துருவலில் புதையும், பாளத்தில் வழுக்கும். மலையில் விழும் வெண்பனி துருவல் மாதிரி, குளத்தின் மேல்தட்டு பாளம் மாதிரி. இரண்டின்மீதும் நடக்கும் முறை வேறு.

துருவல் பனியில் கால் புதையாமல் இருக்கத்தான் 'ஸ்னோஷூ' எனப்படும் பனிமிதியடி. கனடாவின் பூர்வகுடிகள் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிச் செய்தார்கள். இப்போது அலுமினியம், பிளாஸ்டிக். கணக்கு எளிது. சாதாரணக் காலணியின் அடிப்பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். பனிமிதியடியின் பரப்பு 1,000-ஐத் தாண்டும். அதே 70 கிலோ உடல் நான்கு ஐந்து மடங்கு பரப்பில் விரிவதால் பனி தாங்குகிறது. புதிதாக விழுந்த ஆழமான பனிக்கு இது வேண்டும். ஆட்கள் நடந்து நடந்து இறுகிய பாதையில் தேவையில்லை. அங்கே காலணிக்கடியில் மாட்டும் இரும்பு முள் சங்கிலி, அதாவது மைக்ரோஸ்பைக்ஸ் போதும்.

பனிமிதியடி மாட்டியிருந்தால் உறைந்த குளத்திலும் இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். குளத்தின் மேல் நம்மைத் தாங்குவது பாளத்தின் தடிமன். தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே தங்கி, மேலிருந்து கீழாக உறையும். ஆகவே மேலே கல்போல் இருந்தாலும் அடியில் தண்ணீர் இருக்கும். தெளிந்த, புதிய பாளம் என்றால் ஓர் ஆள் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் வேண்டும் என்பது குளிர்நாடுகளின் பொது விதி. பனி கலந்து வெளுத்த பாளத்துக்கு வலு பாதிதான். இருமடங்கு தடிமன் வேண்டும்.

மேலே படர்ந்த வெண்பனி கம்பளி போர்த்தியது போல் குளிரைத் தடுப்பதால், அதனடியில் பாளம் மெல்லியதாகவே நின்றுவிடலாம். நீர் வந்து சேரும் வாய், வெளியேறும் வாய், பாறையும் மரமும் துருத்தி நிற்கும் ஓரம் எல்லாம் பலவீனமான இடங்கள். நேற்று தாங்கியது இன்று பிற்பகல் வெயிலில் தாங்காமல் போகலாம். அளந்து பார்க்காத குளத்தில் இறங்கவே வேண்டாம் என்பதே என் கருத்து. படத்தைக் கரையிலிருந்தும் எடுக்கலாம்.

உடைந்து விழுந்துவிட்டால்? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு இரைக்கும். பதறாமல் மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்து சுமார் 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். வந்த திசையிலேயே திரும்பி, கைகளைப் பாளத்தின்மேல் வைத்து, நீந்துவதுபோல் காலை உதைத்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே கரைக்கு வாருங்கள். கரையில் இருப்பவரும் பக்கத்தில் ஓடாமல் கயிறு அல்லது கம்பை நீட்ட வேண்டும்.

நம் காட்டுப் பாதைகளில் ராஜாவான 'அடிடாஸ் கம்போங்' ரப்பர் காலணி பனிக்கு உதவாது. சேற்றுக்கும் அட்டைக்கும் அதை விஞ்ச ஒன்றில்லை. குளிரைத் தடுக்கும் உள்ளுறை மட்டும் அதில் இல்லை. பருத்திச் சட்டையும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது.

உயரத்தையும் கவனியுங்கள். நுவாங் 1,493 மீட்டர். தீபகற்பத்தின் உச்சியான தகான்கூட 2,187 மீட்டர்தான். குளமே அவற்றைவிட உயரத்தில் இருக்கிறது, கேதார்கண்டா உச்சியோ சுமார் 3,800 மீட்டர். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியுடன் குமட்டல், பசியின்மை, அசதி சேர்ந்தால் அது உயர நோயாக இருக்கலாம். அன்று மேலே ஏறக்கூடாது. கூடினால் உடனே கீழே இறங்க வேண்டும். பத்துமலையின் 272 படிகளை மூச்சு வாங்காமல் ஏறுபவரையும் இது பிடிக்கும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, மலையேற்றத்துக்கும் எந்த உயரம் வரைக்கும் அது செல்லும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.