மொட்டை மாடிக்கு ஒரு விசிட் அடிங்க பாஸ்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? நீங்க மொட்டை மாடிக்குப் போறதே செல்போன் பேசத்தான்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை போகும்போது, சின்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்துல கறுப்புக் குழாய்களோட சாய்ஞ்சு நிக்குதே சோலார் வாட்டர் ஹீட்டர், அதையும் கொஞ்சம் கண்டுக்குங்க. வாங்கின புதுசுல அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பார். அதுக்கப்புறம் யாரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டாங்க. "முன்ன மாதிரி தண்ணி சுடலைப்பா"ன்னு பாட்டி சொன்னா, கீசர் சுவிட்சைத் தட்டிவிட்டு அத்தோட விட்டிருப்பாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. 100 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக, சுமார் 4 யூனிட் கரண்ட் வேணும். தினமும்! வெயில் சும்மா கொடுக்கிறதைக் காசு கொடுத்து வாங்குற கதைதான்.

அந்தக் குழாய் ஒவ்வொண்ணும் ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க். ரெண்டு கண்ணாடிக் குழாய், ஒண்ணுக்குள்ள ஒண்ணு, நடுவுல வெற்றிடம். உள்ளே இருக்கிற கறுப்புப் பூச்சு வெயிலை வாங்கிக்கும். வெற்றிடம் சூட்டை வெளியே விடாது. சூடான தண்ணி லேசாகி மேலே தொட்டிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார், பம்ப் எதுவும் கிடையாது. குழாயோட அடிமுனை உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும். அது பால் மாதிரி வெளுத்திருந்தா வெற்றிடம் போச்சுன்னு அர்த்தம். அந்த ஒரு குழாயை மட்டும் மாத்தினா போதும்.

ஆனா பெரும்பாலான வீடுகள்ல வில்லன் தண்ணிதான். கோவையில சிறுவாணித் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்களுக்கு, போர் தண்ணியோட வித்தியாசம் ஒரு வாய்லயே தெரியும். அந்த உப்புத் தண்ணியைச் சூடு பண்ணப் பண்ண, கால்சியம் பைகார்பனேட் கால்சியம் கார்பனேட்டா மாறி வெள்ளையாப் படியும். கெமிஸ்ட்ரியில படிச்ச 'தற்காலிகக் கடினத்தன்மை' நம்ம மாடியிலயே நடக்குது! குழாய் அடியில சுண்ணாம்புச் சேறு, தொட்டிக்குள்ள பாறை மாதிரி படலம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆளைக் கூப்பிட்டு உப்பை எடுக்கச் சொல்லுங்க. அப்படியே தொட்டிக்குள்ள இருக்கிற மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்க. தொட்டி துருப்பிடிக்காம இருக்கத் தன்னையே கரைச்சுக்கிற தியாகி அது. கரைஞ்சு முடிஞ்சிருந்தா புதுசு போடணும். குழாயை நீங்களே கழட்டி ஹீரோ ஆகிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. உள்ளே இருக்கிற தண்ணி தோலை உரிச்சிடும்.

ஆளைக் கூப்பிடுறதுக்கு முன்னால பாத்ரூமுக்குள்ளயும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. மிக்ஸர்ல ரெண்டு குழாயையும் திறந்து வச்சுட்டு, ஹேண்ட் ஷவரை மட்டும் மூடிட்டுப் போற பழக்கம் நிறைய வீட்டுல உண்டு. பச்சைத் தண்ணி அந்த வழியா வெந்நீர் லைனுக்குள்ள புகுந்துடும். பழி மட்டும் பாவம், சோலார் மேல!

இன்னொரு ஆபத்து, தண்ணியே இல்லாத நாள். சென்னையில 2019 கோடையை மறந்திருக்க மாட்டீங்க. தொட்டி காலி, குழாய் காலி, மேலே அக்னி வெயில். காலிக் குழாய் உள்ளுக்குள்ள 200 டிகிரி வரைக்கும் போகும். அந்த நேரத்துல லாரி வந்து, மத்தியானம் தண்ணியை ஏத்தினா, குழாய் 'பட்'டுனு வெடிச்சுடும். சாயங்காலம் குழாய் நல்லா ஆறின பிறகோ, விடியக்காலையிலயோதான் நிரப்பணும். அம்மாகிட்ட இதைச் சொல்லி வச்சுட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்புங்க.

இனிமேதான் வாங்கப்போறீங்கன்னா மூணே விஷயம். சாதாரண மாடல்னா, பச்சைத் தண்ணித் தொட்டி சோலார் தொட்டியை விட உயரத்துல இருக்கணும். காத்து வெளியேறுற ஏர் வென்ட் பைப் அந்தத் தொட்டியையும் தாண்டி நிக்கணும். வெந்நீர் லைனுக்கு சிபிவிசி பைப்தான். காசை மிச்சம் பிடிக்கச் சாதா பிவிசி போட்டா சூட்டுல வளைஞ்சு தொங்கும். இடம் பார்க்கும்போது தெற்குப் பக்கத்தைக் கவனிங்க. மார்கழியில சூரியன் தெற்கே சாய்ஞ்சு போகும். சித்திரையில தொந்தரவு பண்ணாத பக்கத்து வீட்டுத் தென்னை மரம், வெந்நீர் ரொம்பத் தேவைப்படுற அந்த மாசம் பார்த்து நிழலைப் போடும்.

சரி, தூசியைத் துடைக்கக் கிளம்பிட்டீங்களா? வெயில் ஏறுறதுக்கு முன்னால போங்க. பழைய காட்டன் துணியும் சாதாத் தண்ணியும் போதும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கீழேயே வச்சுட்டுப் போங்க.