எடை தூக்காமலே தசை வலுப்பெறுவது எப்படி?

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மூட்டை சுமப்பவரின் புஜம் திரண்டிருப்பதில் ஆச்சரியமில்லை. வெறுங்கையை மடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தித் தசையை இறுக்கித் தளர்த்துபவருக்கும் பலம் கூடுகிறதே, ஏன் என்று யோசித்ததுண்டா?

வில்லியனூர்த் தேர்வடத்தை நினையுங்கள்: பிடித்திருப்போர் அநேகர், ஒரே கணத்தில் இழுப்போர் சிலரே. தசையிழைகளும் அவ்வாறே, மூளையிலிருந்து நரம்பு வழியே வரும் கட்டளை ஆரம்பத்தில் அவற்றை முழுவதும் எழுப்புவதில்லை எனினும், இடைவிடா அப்பியாசத்தால் மேலும் பல இழைகள் ஒருமித்து இழுக்க, எதிர்ப்புறத் தசையும் முரண்டாமல் இளகிக் கொடுக்க, தசை பருக்குமுன்பே வலிமை பெருகிவிடுகிறது.

ஆஸ்திரியரான மாக்சிக் 1911இலும், யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ் 1930இல் கல்கத்தாவிலும் வெளியிட்ட நூல்கள் தசையை மனத்தால் இறுக்கித் தளர்த்தும் இவ்வித்தையையே போதித்தன.

மேனியில் தசைக்கோடுகள் தெளிவதோ பெரும்பாலும் தோலடிக் கொழுப்பு கரைவதைப் பொறுத்தது. அது சமையலறை விவகாரம். இறுக்கும்போது மூச்சை மட்டும் அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் ஏறிவிடும்.